மகளிர் தினம்: வருஷா வருஷம் வரும் கேள்விகள்

மார்ச் பிறந்துவிட்டால் சில கேள்விகள் தவறாமல் வந்து நிற்கும். தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் உண்டு, சீண்டிப் பார்க்கக் கேட்பவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் இங்கே பதில் இருக்கிறது. சீண்டலுக்குச் சொன்ன பதில்தான் சில இடங்களில் நீண்டுபோய்விட்டது.

மார்ச் 8 என்ற தேதி எங்கிருந்து வந்தது?

ஒரே நாளில் யாரோ ஒருவர் முடிவு செய்ததல்ல. 1909 பிப்ரவரி 28 அன்று அமெரிக்காவில் சோஷலிஸ்ட் கட்சி ஒரு மகளிர் தினம் நடத்தியது. மறு ஆண்டு கோபன்ஹேகனில் 17 நாடுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பெண்கள் கூடிய மாநாட்டில், ஜெர்மனியின் கிளாரா ஜெட்கினும் தோழியரும் இதை உலக அளவில் ஆண்டுதோறும் நடத்தலாம் என்றார்கள். தேதி எதுவும் குறிக்கவில்லை. 1911 மார்ச் 19 அன்று ஆஸ்திரியா, டென்மார்க், ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெருவுக்கு வந்தார்கள். வாக்குரிமை, வேலைசெய்யும் உரிமை, பதவி வகிக்கும் உரிமை ஆகியவைதான் கோரிக்கை.

மார்ச் 8-ஐக் கொடுத்தது ரஷ்யா. 1917, பெட்ரோகிராட் நகரம். போர்க்காலக் குளிரில் ரொட்டிக்கு மணிக்கணக்கில் வரிசையில் நின்று அலுத்துப்போன நெசவாலைப் பெண்கள் அன்று வேலையை நிறுத்தினார்கள். இன்றைக்கு வேலைநிறுத்தம் வேண்டாம், இன்னும் காலம் கனியவில்லை என்று புரட்சிக் கட்சிக்காரர்கள் அறிவுரை சொல்லியிருந்தார்கள். பெண்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பக்கத்துத் தொழிற்சாலைகளின் வாசலுக்குப் போய், ஜன்னல்களுக்குள் பனிக்கட்டி உருண்டைகளை எறிந்து, "வெளியே வாங்க, வேலையை நிறுத்துங்க" என்று உள்ளே இருந்த ஆண்களைக் கூப்பிட்டார்கள். அவர்களும் வந்தார்கள். ஒரு வாரத்தில் ஜார் மன்னர் முடி துறந்தார். அந்த ஆண்டே அங்கே பெண்களுக்கு வாக்குரிமையும் கிடைத்தது. ரஷ்யாவின் பழைய நாட்காட்டியில் அது பிப்ரவரி 23; மற்ற நாடுகளுக்கு மார்ச் 8. ஐ.நா. இந்தத் தினத்தைக் கொண்டாடத் தொடங்கியது வெகு பின்னால், 1975-இல்.

1857-இல் நியூயார்க் தையல் தொழிலாளிகள் நடத்திய ஊர்வலத்தின் நினைவாக என்று படித்தேனே?

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த ஊர்வலத்துக்கு அந்தக் காலத்துச் சான்று கிடையாது. 1955-இல் பிரெஞ்சுப் பத்திரிகைகளில் தலைகாட்டிய கதை அது என்று பிரெஞ்சு ஆய்வாளர்களே தேடிக் காட்டிவிட்டார்கள்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீ விபத்தின் நினைவாக வந்த நாள் என்பார்கள். விபத்து உண்மை. ஆனால் அது நடந்தது 1911 மார்ச் 25, அதாவது ஐரோப்பாவில் முதல் மகளிர் தினம் முடிந்த ஆறாம் நாள். 146 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பிழைக்க வந்த இளம்பெண்கள். ஒன்பதாம் மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. துணியைத் திருடிவிடுவார்கள், சொல்லாமல் வெளியே போய்விடுவார்கள் என்று முதலாளிகள் பூட்டிவைக்கச் சொன்ன கதவு. தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. அதற்குச் சுமார் ஓராண்டுக்கு முன்புதான் அதே ஆலையின் பெண்கள் வேலைநிறுத்தம் செய்து ஓய்ந்திருந்தார்கள். முதலாளிகள் இருவரும் வழக்கில் விடுதலையானார்கள். இந்தப் பூட்டிய கதவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வேறு வேறு உருவத்தில் திரும்ப வரும்.

"முதல் பெண்", "முதல் பெண்" என்று இன்னும் எத்தனை நாளைக்குக் கொண்டாடுவது?

எனக்கும் இந்தத் தலைப்புகளோடு ஒரு சண்டை உண்டு. "முதல் பெண்" என்று எழுதும்போது அவருடைய திறமை மட்டும் கண்ணில் படுகிறது. அதுவரை உள்ளே விடாமல் நின்றது யார் என்பது அந்த வாக்கியத்திலிருந்து நைசாக நழுவிவிடுகிறது.

இயற்பியல் நோபலை எடுத்துக்கொள்ளுங்கள். 1903-இல் மேரி கியூரி. அடுத்த பெண் 1963-இல் மரியா கோப்பெர்ட் மேயர். அதற்கடுத்தவர் 2018-இல் டோனா ஸ்ட்ரிக்லண்ட். பிறகு 2020-இல் ஆண்ட்ரியா கெஸ், 2023-இல் ஆன் லூயிலியே. இருநூறுக்கும் மேற்பட்டோர் வாங்கிய பரிசில் இந்த ஐந்து பெயர்கள்தான்.

கியூரியின் பெயரே முதலில் விடுபட்டிருந்தது. பரிந்துரையில் பியேர் கியூரியும் ஆன்றி பெக்கரலும்தான் இருந்தார்கள். ஸ்வீடன் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்லர் விஷயத்தைப் பியேரின் காதில் போட, "என் மனைவியையும் சேர்த்துத்தான்" என்ற பொருளில் அவர் பதில் எழுதினார். 1911-இல் பிரெஞ்சு அறிவியல் கழகம் மிகச் சில வாக்கு வித்தியாசத்தில் கியூரியை உறுப்பினராக ஏற்க மறுத்தது. அதே ஆண்டு அவருக்கு இரண்டாவது நோபல் வந்தது.

மரியா மேயர் பல ஆண்டுகள் சம்பளமில்லாமல் ஆராய்ச்சி செய்தார். கணவர் பேராசிரியராக இருந்த பல்கலைக்கழகத்தில் மனைவிக்கு வேலை தருவது விதிமீறல் என்றார்கள். முழுச் சம்பளப் பேராசிரியரானது 1960-இல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு. நோபல் அறிவிக்கப்பட்ட அன்று சான் டியேகோ நகரப் பத்திரிகை போட்ட தலைப்பு என்ன தெரியுமா? நகரத்துத் தாய்க்கு நோபல்! "இரண்டு பிள்ளைகளின் தகப்பனுக்கு நோபல்" என்று எந்தப் பத்திரிகையிலாவது பார்த்திருக்கிறீர்களா?

ஆகவே கொண்டாடலாம், தாராளமாக. கூடவே அந்த அறுபது ஆண்டு இடைவெளியையும் எண்ணிச் சொல்லிவிட்டுக் கொண்டாடலாம்.

திறமை இருந்தால் யார் தடுக்கப் போகிறார்கள்?

திறமையை யார் எப்படி எடைபோடுகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய இசைக்குழுக்களில் 1970-இல் நூற்றுக்கு ஐந்து பெண்கள்கூட இல்லை. "நல்லா வாசிக்கிறவங்களைத்தான் எடுக்கிறோம்" என்றுதான் அப்போதும் சொன்னார்கள். பிறகு ஆள் தேர்வில் திரை கட்டும் வழக்கம் பரவியது. நடுவர்கள் ஒரு பக்கம், வாசிப்பவர் மறுபக்கம். திரை மட்டும் போதவில்லை. நடந்து வரும்போது குதிகால் செருப்பின் டக் டக் சத்தமே ஆளைக் காட்டிக்கொடுத்தது. அதனால் தரையில் கம்பளம் விரித்தார்கள், சில இடங்களில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். 1997-க்குள் முன்னணிக் குழுக்களில் பெண்கள் கால்வாசி ஆனார்கள். திரையால் மட்டுமே அத்தனையும் நடந்தது என்று சொல்ல மாட்டேன். இசைப் பள்ளிகளில் பெண்கள் கூடியதும் ஒரு காரணம். அந்தத் திரையைப் பற்றிய புகழ்பெற்ற ஆய்வின் கணக்குகள் மீதும் பின்னால் கேள்விகள் வந்தன. ஆனால் ஒரு செருப்புச் சத்தம் வாசிப்பை மறக்கடிக்கும் என்று அவர்களே பயந்து கம்பளம் விரித்தார்கள் இல்லையா, அது போதும் எனக்கு.

அறிவியலில் இந்தக் கதைக்குப் பஞ்சமில்லை. அணுக்கருப் பிளவு என்பது என்ன என்று விளக்கியவர்களில் ஒருவர் லீசெ மைட்னர். 1944-க்கான வேதியியல் நோபல் ஓட்டோ ஹானுக்கு மட்டும் போனது. ஜோசலின் பெல் 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவி. தொலைநோக்கி நாளொன்றுக்குக் கக்கிய கிட்டத்தட்ட நூறடி வரைபடத்தாளை வரி வரியாகப் பார்த்து, அதில் கால் அங்குலமே இருந்த ஒரு கிறுக்கலை விடாமல் பிடித்துக்கொண்டவர். அந்தக் கிறுக்கல்தான் பல்சார், அதாவது சுழன்றபடியே சீரான இடைவெளியில் வானொலித் துடிப்புகளை அனுப்பும் நட்சத்திரம். 1974 நோபல் அவருடைய வழிகாட்டிக்கும் இன்னொரு பேராசிரியருக்கும் போனது. 2018-இல் வேறொரு பெரிய விருதாக 30 லட்சம் டாலர் வந்தபோது, வாய்ப்பு மறுக்கப்படும் பிரிவுகளிலிருந்து இயற்பியல் படிக்க வருகிற மாணவர்களுக்கு அத்தனையையும் கொடுத்துவிட்டார்.

இப்படிப் பெண்ணின் உழைப்பு ஆணின் கணக்கில் ஏறுவதற்கு அறிவியல் வரலாற்றாசிரியர் மார்கரெட் ராசிட்டர் 1993-இல் "மட்டில்டா விளைவு" என்று பெயர் வைத்தார். பெயர் வைக்கும் அளவுக்கு அது சாதாரணமாகிவிட்டது.

ஆண்கள் தினம் மட்டும் ஏன் இல்லை?

இருக்கிறது. நவம்பர் 19. இந்தக் கேள்வியை மார்ச் 8 அன்று மட்டும் கேட்பவர்கள் அந்த நாளையும் குறித்துவைத்துக்கொள்ளலாம்.

வாக்குரிமை வந்தாச்சு, சட்டங்கள் வந்தாச்சு. இன்னும் என்ன போராட்டம்?

"வந்தாச்சு" என்ற சொல்லுக்குள் எத்தனை வருஷம் ஒளிந்திருக்கிறது என்று பார்ப்போம். நாடு முழுவதும் பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் தேசம் நியூசிலாந்து, 1893. அந்தப் போராட்டத்தில் எனக்குப் பிடித்த காட்சி ஒன்று உண்டு. கேட் ஷெப்பர்டும் தோழியரும் வீடு வீடாகப் போய் வாங்கிய கையெழுத்துத் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு துடைப்பக் கட்டையில் சுற்றினார்கள். நீளம் 270 மீட்டர். அவர்கள் சார்பாக ஓர் உறுப்பினர் அதை நாடாளுமன்றத்துக்குள் கொண்டுபோய் நடுக்கூடத்தில் உருட்டிவிட, அது விரிந்துகொண்டே போய் எதிர்ச்சுவரில் தொப்பென்று மோதி நின்றது. அடுப்படிக்குப் போ என்று சொன்னவர்களுக்குத் துடைப்பத்தையே அனுப்பியதில் உள்குத்து இருந்ததோ இல்லையோ, எனக்கு அப்படி நினைத்துக்கொள்ளப் பிடிக்கிறது.

அந்த நியூசிலாந்திலேயே பெண்கள் தேர்தலில் நிற்க 1919 வரை காத்திருந்தார்கள். முதல் பெண் உறுப்பினர் 1933-இல்தான் உள்ளே போனார். சுவிட்சர்லாந்தில் 1959-இல் ஆண்களிடம் வாக்கெடுத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் "வேண்டாம்" என்றார்கள். தேசிய அளவில் 1971-இல் கிடைத்தது. அங்கே ஒரு சிறிய மாநிலம் உள்ளூர்த் தேர்தல்களில் அப்போதும் பிடிவாதமாக மறுத்து, 1990-இல் நீதிமன்றம் தலையிட்ட பிறகே வழிக்கு வந்தது.

வந்தது நிலைக்கும் என்றும் இல்லை. ஆப்கானிஸ்தானில் 2021 வரை உயர்நிலைப் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் இன்று வீட்டில் இருக்கிறார்கள். 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவையும் சாத்திவிட்டார்கள்.

உலக நாடாளுமன்றங்களை எல்லாம் சேர்த்துப் பார்த்தால் பெண்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல். 2003 அரசியல் சட்டத்தில் குறைந்தது 30 சதவீதம் என்று எழுதிவைத்த ருவாண்டாவில் 2008-லேயே பெண்கள் பாதியைத் தாண்டிவிட்டார்கள். "தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை" என்ற பேச்சை நான் நம்பாததற்கு அந்த ஒரு நாடு போதும்.

ஒரே வேலைக்கு ஒரே சம்பளம்தானே? இடைவெளி எங்கிருந்து வருகிறது?

உலக அளவில் பெண்களின் ஊதியம் ஆண்களுடையதைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொல்கிறது. ஒரே மேசையில் உட்காரும் இருவருக்கு வேறு வேறு சம்பளம் தருவதும் இதில் உண்டு. ஆனால் அது மட்டுமல்ல. 2023-இல் பொருளாதார நோபல் வாங்கிய கிளாடியா கோல்டின் இருநூறு ஆண்டுத் தரவுகளைத் தோண்டி எடுத்துக் காட்டிய விஷயம் இது: பணக்கார நாடுகளில் ஒரே படிப்புப் படித்த ஆணும் பெண்ணும் ஏறத்தாழ ஒரே சம்பளத்தில்தான் தொடங்குகிறார்கள், முதல் குழந்தை பிறந்ததும் கோடுகள் பிரிகின்றன. இரவு பத்து மணிக்கும் போன் எடுப்பவருக்கு நிறுவனம் கூடுதலாகக் கொடுக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று பள்ளியிலிருந்து வரும் போனை எடுப்பவருக்கு யாரும் கொடுப்பதில்லை. ஒரு வீட்டில் இரண்டு போன்களையும் ஒரே ஆள் எடுக்க முடியாது. யார் எதை எடுப்பது என்பதில் சம்பளம் முடிவாகிவிடுகிறது.

1975 அக்டோபர் 24 அன்று ஐஸ்லாந்துப் பெண்கள் இதைக் கணக்குப் போடாமலே காட்டினார்கள். "வேலைநிறுத்தம்" என்றால் சிலர் மிரளுவார்கள் என்பதால் "விடுப்பு நாள்" என்று பெயர். பத்தில் ஒன்பது பெண்கள் அன்று அலுவலகமும் போகவில்லை, வீட்டிலும் சமைக்கவில்லை, பிள்ளையும் பார்க்கவில்லை. அப்பாக்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். வானொலியில் செய்தி வாசிக்கும்போது பின்னால் குழந்தைகள் விளையாடும் சத்தம் கேட்டது. அடுத்த ஆண்டே ஆண், பெண் சம உரிமைச் சட்டம் வந்தது. ஐந்தாண்டில் விக்தீஸ் ஃபின்பொகதோத்தீர் குடியரசுத் தலைவரானார்; மக்கள் வாக்களித்து அந்தப் பதவிக்குத் தேர்ந்தெடுத்த உலகின் முதல் பெண். அந்த ஐஸ்லாந்திலேயே 2023-இல் பெண்கள் மறுபடியும் ஒருநாள் வேலையை நிறுத்த வேண்டியிருந்தது.

"என் மனைவி வீட்டில் சும்மாதான் இருக்கிறார்." இதில் என்ன தவறு?

"சும்மா" என்ற சொல்தான். சம்பளமில்லாத பராமரிப்பு வேலைகள், அதாவது சமையல், துணி, குழந்தை, நோயாளி, முதியவர், தண்ணீர் சுமப்பது எல்லாம் சேர்த்து, உலகில் ஒரு நாளைக்கு 1,640 கோடி மணி நேரம் என்று 2018-இல் கணக்கிட்டார்கள். அதில் முக்கால் பங்கு பெண்கள் தலையில். சராசரியாகப் பெண்ணுக்கு நாலரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஆணுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

கடிகாரம் பிடிக்காத வேலை வேறு. எது தீரப்போகிறது, எந்த மாத்திரை இன்னும் மூன்று நாளைக்குத்தான் வரும், யாருக்கு எப்போது தடுப்பூசி, எந்தச் சீருடையில் பொத்தான் போயிருக்கிறது என்று ஒரு பட்டியல் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். "சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே" என்று அன்போடு சொல்லும் ஆண்களை எனக்குத் தெரியும், நானே அதைச் சொன்னவன்தான். சொல்லவேண்டியதை நினைவில் வைத்திருப்பதும் ஒரு வேலை என்று உறைக்க எனக்கு நாளாயிற்று. "நானும் ஒத்தாசை பண்றேன்" என்பதும் அதே ரகம்தான். அடுத்தவர் வேலைக்குத்தானே ஒத்தாசை?

உடல் வேறுபாடு இயற்கைதானே? அதைச் சமத்துவம் மாற்றுமா?

மாற்றாது. உடல் வேறு என்று தெரிந்தும் ஓர் உடலுக்கு மட்டும் அளவெடுத்துத் தைப்பதுதான் பிரச்சினை. 2019 மார்ச்சில் பெண்கள் இருவர் மட்டும் விண்வெளியில் நடப்பதாக நாசா அறிவித்திருந்தது. நடுத்தர அளவு உடை இரண்டு தயாராக இல்லாததால் கடைசி நேரத்தில் ஆளை மாற்றினார்கள். அந்த நடை அக்டோபரில்தான் நடந்தது. கார் மோதல் சோதனைப் பொம்மை பல பத்தாண்டுகள் சராசரி ஆண் உடலை வைத்தே செய்யப்பட்டது. 2011-இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இருக்கைப் பட்டை அணிந்திருந்தும் பெண்களுக்குக் கடுமையான காயம் ஏற்படும் வாய்ப்பு 47 சதவீதம் அதிகம் என்று தெரியவந்தது. ஜோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறுகிறது என்று சொல்லி 2013-இல் பெண்களுக்கான அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 ஆகக் குறைத்தார்கள். அதற்கு முன் இருபது ஆண்டுகள் அது விற்பனையில் இருந்தது.

விளையாட்டில் நேர் எதிர்க் கதை. 1928 ஒலிம்பிக்கில் 800 மீட்டர் ஓடிய பெண்கள் சுருண்டு விழுந்தார்கள் என்று பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்க, 1960 வரை அந்த ஓட்டமே பெண்களுக்கு இல்லை. ஓடி முடித்தவர் களைத்து உட்காருவதை அதற்கு முன் யாரும் பார்த்ததே இல்லை போலும். 1967 பாஸ்டன் மாரத்தானில் 261 எண்ணோடு ஓடிய கேத்ரின் ஸ்விட்சரைப் போட்டி அதிகாரி ஒருவர் பாதையிலேயே பாய்ந்து எண் அட்டையைக் கிழிக்கப் பார்த்தார். ஸ்விட்சர் ஓடி முடித்தார்.

பெண்ணுக்குப் பெண்தானே எதிரி?

சில நேரம், ஆம். பிரிட்டனில் 1908-இல் பெண்களுக்கு வாக்குரிமை கூடாது என்று சங்கம் வைத்ததே பெண்கள்தான். இருக்கிற ஏற்பாட்டில் ஏதோ ஓர் இடம் கிடைத்தவர் அதைக் காப்பாற்றப் பார்ப்பார், ஆணும் அப்படித்தான். பத்து நாற்காலியில் ஒன்றை மட்டும் பெண்ணுக்கு என்று ஒதுக்கிவிட்டு, அதற்கு இரண்டு பெண்கள் மோதுவதை வேடிக்கை பார்த்துவிட்டுச் சொல்லும் பழமொழி இது. மற்ற ஒன்பது நாற்காலிக்கும் ஆண்கள் போடும் சண்டைக்குப் போட்டி என்று பெயர்.

எங்கள் அலுவலகத்தில் மகளிர் தினத்துக்கு என்ன செய்யலாம்?

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். முதல் நாள் மாலை பெண்கள் தங்கியிருந்து மேடையை அலங்கரித்தார்கள். மறுநாள் நான்கு ஆண்கள் பெண்மையைப் பற்றிப் பேசினார்கள். ஆளுக்கொரு ரோஜா கொடுத்தார்கள். கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை மடக்கி, கோப்பைகளைக் கழுவிவைத்தது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த ஆண்டு, என்ன நிகழ்ச்சி வைக்கலாம் என்று மேலாளர் கேட்டபோது, கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அக்கா எழுந்து, "ரோஜா வேண்டாம் சார், பெண்கள் கழிவறையில தாழ்ப்பாள் உடைஞ்சு மூணு மாசமாச்சு, அதைப் போட்டுக் கொடுங்க" என்றார். கூட்டத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. மூன்று மாதமாக இரண்டு பேர் இரண்டு பேராகப் போய், ஒருவர் வெளியே காவல் நின்றிருக்கிறார்கள். அதே மாடியில் உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அன்று மதியமே தச்சர் வந்தார்.

ஆக, முதலில் கேளுங்கள். சம்பளப் பட்டியலை எடுத்து ஒரே வேலைக்கு யாருக்கு எவ்வளவு என்று பாருங்கள். கடந்த ஐந்து பதவி உயர்வு யாருக்குப் போனது என்று பாருங்கள். பூவும் கொடுங்கள், அதில் தப்பில்லை.

"மனிதன்" என்றாலே பெண்ணும் அடக்கம்தானே? எழுத்தில்கூடவா சமத்துவம் பார்ப்பது?

1947–48-இல் ஐ.நா.வின் மனித உரிமைப் பிரகடனத்தை எழுதிக்கொண்டிருந்த குழுவிலும் இதே பதில்தான் வந்தது. முதல் பிரிவின் வரைவு "ஆண்கள்" என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் தொடங்கியது. அதில் பெண்ணும் அடக்கம் என்றார்கள். இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா ஒத்துக்கொள்ளவில்லை. சில நாடுகள் அந்தச் சொல்லைச் சாக்காக வைத்தே பெண்களை விலக்கும் என்று வாதாடி, மாற்றவைத்தார். அந்தப் பிரகடனத்தின் தமிழ் வடிவத்தைத் திறந்து பாருங்கள், முதல் பிரிவு இப்படித் தொடங்கும்: "மனிதப் பிறவியினர் சகலரும் சுதந்திரமாகவே பிறக்கின்றனர்."